கிரீடத்துக்குக் கீழே என்ன வெட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஆப்கானிஸ்தானில் பணியாற்றித் திரும்பிய அமெரிக்க ராணுவத்தினர் பலர் வீட்டில் ஒரு மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி, இருக்கும். அங்கே தளத்துக்குப் பக்கத்துச் சந்தையில் வாங்கியதாக இருக்கும். 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி அமெரிக்கச் சட்டப்படி பழம்பொருள். ஊருக்குக் கொண்டுவர வழி இருந்தது. விற்றவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும்.

ஒஹாயோவில் என்னோடு வேலை பார்ப்பவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து, "இது எவ்வளவு போகும்?" என்று கேட்டார். முதலில் விசைக்குப் பின்னால் உள்ள லீவரைக் கீழே இறக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்தேன். எத்தனை பழைய துப்பாக்கியானாலும் இதைச் செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். பிறகு வலப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். கிரீடம், அதன்கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் V.R. எழுத்துகள், அடுத்து என்ஃபீல்ட் என்ற தொழிற்சாலைப் பெயர், கடைசியில் 1868. பிரிட்டிஷ் ராணுவம் இந்த ரைஃபிளை ஏற்றுக்கொண்டதே 1871-இல்தான்! என்ஃபீல்ட் என்பதில் இரண்டாவது ஆங்கில எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருந்தது. கோடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்தில் இருந்தன, உளி வழுக்கிய தடமும் தெரிந்தது. தொழிற்சாலை முத்திரை ஒரே அடியில் சீராகப் பதிந்திருக்கும். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அசலில் தோட்டாவைச் சுழலவைக்கும் ஏழு சுருள்வரிகள் தெளிவாக ஓடும். இதில் அப்படி எதுவும் இல்லை.

பாகிஸ்தானில் கைபர் கணவாய் வட்டாரத்தில் இருக்கும் தர்ரா ஆதம் கேல் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்யும் நகல் இது, கைபர் நகல் என்பார்கள். வெறும் அரமும் உளியும் வைத்து இவ்வளவு செய்திருக்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. ஆனால் அசலின் விலையில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும், அதைவிட முக்கியமாக, இதில் ஒருபோதும் சுடக் கூடாது. எந்த இரும்பில் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. விலையைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. இருந்தாலும் விற்கவில்லை, சுவரில் மாட்டியிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது.

பின்னால் வந்த பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டிலும் இதே கதைதான். விக்டோரியா எழுத்துகளோடு 1915 என்று வெட்டிய ஒன்றை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். அரசி இறந்தது 1901-இல்.

எல்லாவற்றையும் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2003-இல் நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவற்றில் அசல் மார்ட்டினிகள் ஏராளம். நான் வாங்கியதில் கெட்டியாக உறைந்த கிரீஸும் மண்ணும் அப்பியிருந்தன. எண்ணெய் ஊறவைத்து, மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். உள்ளே தேவநாகரி எண்களும் பிரிட்டிஷ் முத்திரையும் சேர்ந்தே இருந்தன. அந்தத் தேவநாகரி எண்களை யாரோ சொன்னார்கள் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அதே கிடங்கிலிருந்து வந்த கஹேந்திரா ரைஃபிளும் பார்க்க மார்ட்டினி போலவே இருக்கும், ஆனால் நேபாளத்தார் தாங்களே செய்த தனி வகை. அதை நகல் என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, "தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் நடத்திய ஜூலுப் போரில் இருந்த துப்பாக்கி" என்று சொல்லி மார்ட்டினியின் விலையை ஏற்றுவார்கள். அந்தப் போர் 1879-இல் நடந்தது. நான்காம் மார்க், அதாவது நான்காவது வடிவ மார்ட்டினி, வந்ததோ 1880-களின் பிற்பகுதியில். மார்க் எண் ஆண்டுக்குக் கீழேயே வெட்டியிருக்கும்.