செட்-ங்கற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கு?

பாலக்கோட்டுக்காரன்:
வணக்கம். பொண்ணு ஒன்பதாவது, இங்கிலீஷ் மீடியம். கணக்குல முதல் பாடமே செட் லாங்குவேஜ், தமிழ் புக்ல கண மொழின்னு இருக்கும். இங்கிலீஷ் பாடத்துல சன்செட் வருது, செட் தி டேபிள் வருது, நேத்து செவுரு பூச வந்த மேஸ்திரி வேற "கலவை செட் ஆயிடும், சட்டிய தூக்குங்க சீக்கிரம்"னாரு, அதக் கேட்டுட்டு "அப்பா இது எல்லாம் ஒரே செட்டா"ங்கறா. டிக்‌ஷனரி எடுத்தா பக்கம் பக்கமா போவுது. எப்படிங்க சொல்லிக் குடுக்கறது, மனப்பாடம் பண்ண வைக்கணுமா?

தருமபுரி டீச்சர்:
மனப்பாடம் வேண்டவே வேண்டாம் சார். 1989-ல வந்த ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியோட ரெண்டாம் பதிப்புல இருக்கறதுலயே நீளமான பதிவு செட் தான், 400க்கு மேல அர்த்தம். இப்போ அந்த இடத்த ரன் பிடிச்சிடுச்சு, வினைச்சொல்லா மட்டும் 645. யாராலயும் உருப்போட முடியாது.
பாப்பாகிட்ட ஒண்ணு சொல்லுங்க, செட்-ல ரெண்டு வேர் கலந்து கிடக்கு. ஒண்ணு பழைய இங்கிலீஷ், சிட்-னா உக்காரு, செட்-னா உக்கார வை, நம்ம இரு – இருத்து மாதிரியே. தட்ட டேபிள்ல வைக்கறது, கடிகாரத்துல அலாரம் வைக்கறது, சூரியன் கீழ போய் அமருறது எல்லாம் இந்த பக்கம். இன்னொண்ணு லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா வந்தது, ஒரு கூட்டம்னு அர்த்தம், உங்க கண மொழி அங்க சேரும்.
ஆனா "இந்த சட்டை எனக்கு செட் ஆவல"ங்கறது நாம தமிழ்ல உண்டாக்கிக்கிட்டது, அத அப்படியே இங்கிலீஷ்ல எழுதினா மார்க் போயிடும், அங்க சூட்-னு வரணும். பிள்ளைங்க பேப்பர்ல நான் ரொம்ப திருத்தினது இதத்தான்.

ஓசூர் சைட் இன்ஜினியர்:
மேஸ்திரி சொன்னதும் டீச்சரம்மா சொன்ன உக்காருற பக்கம்தான். சிமெண்ட்ல தண்ணி பட்டதும் குழைவா இருக்கும், அந்த குழைவு போயி இருந்த இடத்துலயே நின்னுக்கறதுதான் செட் ஆவறது. சாதா போர்ட்லேண்ட் சிமெண்ட் 30 நிமிஷத்துக்கு முன்னாடி செட் ஆக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடணும்னு இந்திய தரக் கணக்கே இருக்கு. செட் ஆனதும் முழு பலம் வந்துட்டதா நினைச்சிடாதீங்கணா, செவுத்துக்கு தண்ணி விடறத நிறுத்தாதீங்க.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
எங்ககிட்ட வேளாண்மை ஆபீசர் வந்தா ஃப்ரூட் செட் எப்படி இருக்குன்னு கேப்பாரு. நாங்க பிஞ்சு பிடிச்சிருக்கான்னு சொல்லுவோம். போன தை மாசம் பெங்களூரா ரக மாமரமெல்லாம் இலையே தெரியாத அளவுக்கு பூ, தத்துப்பூச்சி விழுந்து பூங்கொத்த தொட்டா கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது, பிஞ்சு நிக்கவே இல்ல, அந்த வருத்தம் இன்னும் இருக்கு. சொல்ல வந்தது என்னன்னா, நம்ம பிடி-ங்கற வார்த்தைய எடுத்துக்கங்க, பிஞ்சு பிடிக்குது, மழை பிடிச்சுக்குச்சு, பஸ்ஸ பிடிச்சேன், சளி பிடிச்சிருக்கு, எனக்கு உன்ன பிடிக்கும். பாப்பா இதெல்லாம் உக்காந்து படிச்சா கத்துக்கிச்சு? பக்கத்துல என்ன வார்த்தை நிக்குதுன்னு பாத்துதான புரிஞ்சிக்குது. செட்டும் அப்படியே சொல்லிக் குடுங்க.

பாலக்கோட்டுக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ராத்திரி இத அப்படியே படிச்சு காட்டினேன். நோட்டுல நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் உக்கார வை, இன்னொரு பக்கம் கூட்டம்னு எழுதி அவளே பிரிச்சா. பம்பு செட்ட எங்க போடறதுன்னு கொஞ்ச நேரம் பேனாவ கடிச்சிட்டு இருந்தா, அப்புறம் "மோட்டாரும் பம்பும் சேந்து வரதால கூட்டம்"னு எழுதிட்டா. செட் தோசையும் அங்கதான், ரெண்டு மூணு சேத்து வைக்கறாங்களே. சரிதானங்க டீச்சர்?

தருமபுரி டீச்சர்:
ரெண்டுமே சரி சார். அந்த பக்கத்துலயே டென்னிஸ் செட்டையும் சேத்துக்க சொல்லுங்க, பல கேம் சேந்தாதான் ஒரு செட்.