பொருள்: ஃபிளாட் ஃபீல்டுக்குத் தமிழ் – வெள்ளிக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.
காவலூர்த் தொலைநோக்கிகளை வைத்து எழுதிய செய்முறைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. இருட்படம் (டார்க் ஃபிரேம்), ஒண்முகில் (நெபுலா) எல்லாம் தீர்ந்தன. ஃபிளாட் ஃபீல்டு (படத்தில் ஒளி சீரில்லாமல் விழுவதைத் திருத்த எடுக்கும் படம்) மட்டும் நிற்கிறது. பழைய வரைவில் 'தட்டைப்புலம்'. சரிதானா?
– மு.

> தட்டைப்புலம்
சரியே. புலம் வயல்; ஐம்புலனும் அதுவே. தொல்காப்பியப் பாயிரம் 'புலந்தொகுத் தோனே' என்கிறபோது இலக்கணம். இவ்வளவு தூரம் வந்த சொல் கேமராவுக்கு வராதா? 'புல்' என்னும் வேரை நாளை விரிவாக எழுதுகிறேன்.
– ந.

வேர் இருக்கட்டும் ஐயா, வேலையைப் பார்ப்போம். சூரியன் மறைந்ததும் உச்சிவானத்தை வெறுமனே படமெடுக்கிறோம். ஒளியளவை 65,535 வரை எண்ணும் கேமராவில் 25,000–30,000 வந்தால் போதும். ஒளிபடும் நேரம் ஒரு விநாடிக்குக் கீழே போனால் ஷட்டர் திறந்து மூடும் தடமே படத்தில் விழும். படத்துக்குப் படம் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும்; அப்போதுதான் படங்களுக்கு இடைநிலை (மீடியன்) எடுக்கையில் விண்மீன்கள் உதிரும். ஒவ்வொரு நிற வடிகட்டிக்கும் தனித்தனி. பிறகு அடிமட்ட அளவைக் (ஒளி படாதபோதும் கேமரா காட்டும் எண்) கழித்து, சராசரியால் வகுத்து, வருவதைக் கொண்டு கேலக்ஸிப் படத்தை வகுக்கிறோம். மாணவர்கள் இங்கேதான் வகுப்பதற்குப் பதில் கழித்துவிடுகிறார்கள். மூலையில் ஒளி 10% குறைந்தால் வானத்துக்கும் கேலக்ஸிக்கும் அதே விகிதத்தில் குறையும். கழித்தால் அது சரியாகாது.

இந்தப் படம் தட்டையே இல்லை. மேடுபள்ளம் அத்தனையும் இதில்தான் இருக்கிறது. நாற்றுக்கு முன் பரம்படித்து நிரவுகிறோமே, அந்த வேலைக்கான படம். 'நிரவல் படம்' என்பேன்.
– செ.

> நிரவல்
கச்சேரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவதல்லவா நிரவல்! அது நிரப்புவதா, பரப்புவதா என்பது தனி வழக்கு.
– வா.

கட்டுப்பாட்டறையில் கேட்பது 'ஃபிளாட் எடுத்தாச்சா?' என்றுதான். அதையே போடுங்கள். தூசி வளையத்துக்கு முதலில் பெயர் வையுங்கள். எஃப்/13 (குவியத்தொலைவு விட்டத்தைப் போல 13 மடங்கு) ஒளிக்கற்றையில், உணரிக்கு 26 மி.மீ. முன்னால் வடிகட்டிமேல் ஒட்டிய துகள் 2 மி.மீ. வளையமாக விழும். 2.34 மீட்டர் தொலைநோக்கியின் எஃப்/3.25 முதன்மைக் குவியத்தில் அதே துகள் 8 மி.மீ., அவ்வளவு மங்கல். வடிகட்டிச் சக்கரம் பழைய இடத்தில் சரியாக நிற்காவிட்டால், வகுத்த பிறகு வளையத்தின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளுப்பு. ஒண்முகிலின் விளிம்பு என்று அதை அளந்துவிடுவார்கள்.
– த.

தூசி வளையம் 'தூசி வளையம்'தான், அதற்கென்ன குறை?
– வா.

நிரவல் படத்துக்கு நால்வர், ஃபிளாட்டுக்கு இருவர். உள்ளே நிரவல் படம், சொல்லடைவில் ஃபிளாட்டும் இருக்கும். இன்றிரவு அனுப்பிவிடுகிறேன்.
– மு.

அனுப்புங்கள். என் வகுப்பில் தட்டைப்புலம்தான். 'புல்' கட்டுரை நாளை வரும்.
– ந.