வெண்கண்டல் இலையில் வெள்ளைப் பொடி, மருந்து சொல்லுங்கள் (அவசரம்)

குட்டைக்கரை: வெண்கண்டல் (அலையாத்தி மர வகை) நட்டு 3 மாதம் ஆகிறது. இலையெல்லாம் வெள்ளைப் பொடி. அடி இலை மஞ்சளாகி உதிர்கிறது. வேப்பெண்ணெய் இரண்டு முறை அடித்தும் பயனில்லை. 40 கன்றில் 15 போய்விட்டன. என்ன மருந்து அடிக்கலாம்?

மாடித்தோட்டம்: சாம்பல் நோய்தான், சந்தேகமே வேண்டாம். புளித்த மோரில் தண்ணீர் கலந்து தெளியுங்கள். என் பூசணி அப்படித்தான் பிழைத்தது.

கழிமுகம்: எந்த ஊர்? தொட்டியிலா, தரையிலா? கடல் ஓதம் ஏறி இறங்குகிற இடமா?

நெய்தல்வாசி: வருடத்துக்கு நான்கு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது, மன்றத்தின் பழைய இழைகளை யாரும் புரட்டுவதில்லை. அது நோயல்ல, உப்பு. வெண்கண்டல் உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும். நாவில் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பூசணி வளர்ப்பவர்கள் பூசணிக்கு மட்டும் வைத்தியம் சொல்வது நல்லது.

மாடித்தோட்டம்: நாவில் தொடச் சொல்கிறீர்களே, சதுப்பில் வளரும் தில்லை மரமாக இருந்தால்? அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்பார்கள்.

நெய்தல்வாசி: தில்லை இலையில் உப்புப் பூக்காது. கிள்ளினால் பால் வடிவது தில்லை. இரண்டையும் குழப்புகிறவர் சதுப்புப் பக்கம் போகாமலிருப்பதே மேல்.

கொள்ளிடத்தான்: தில்லை என்றதும் நினைவு வருகிறது. சிதம்பரம் கோயிலின் தலமரமே அதுதான். ஆனால் மரமாகப் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டியிருக்கிறது.

மாடித்தோட்டம்: பிச்சாவரம் சுரபுன்னைக் காடு அல்லவா?

நெய்தல்வாசி: அங்கே முட்டுவேர் ஊன்றி நிற்பதைச் சுரபுன்னை என்கிறார்கள். சித்த மருந்துக்குப் பூ எடுக்கும் சுரபுன்னை வேறு மரம். பெயரைக் கண்டபடி...

கழிமுகம்: ஐயா, கன்று செத்துக்கொண்டிருக்கிறது. பெயர்ச் சண்டை பிறகு. குட்டைக்கரை, இடத்தைச் சொல்லுங்கள்.

குட்டைக்கரை: மன்னிக்கவும். முத்துப்பேட்டைப் பக்கம். கைவிட்ட இறால் குட்டை. தண்ணீர் வடியாமல் இருக்கக் கரையை உயர்த்திக் கட்டியிருக்கிறோம்.

கழிமுகம்: தம்பி, அங்கேதான் கோளாறு. வெள்ளைப் பொடி இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தேங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறி, கடல்நீரையே மிஞ்சிவிடும். அதற்குமேல் எவ்வளவு உப்பைத்தான் இலை கக்கும்? இன்னொன்று, வெண்கண்டல் மூச்சுவிடுவது சேற்றுக்கு மேலே ஈட்டிபோல் நிற்கும் வேரால். பகலும் இரவும் நீர் மூடி நின்றால் மூச்சு முட்டும்.

பிச்சாவரத்திலும் இதே கதைதான். காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்ததில் மண் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்புக் கூடி, எதுவும் முளைக்காமல் போனது. 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டபிறகுதான் கன்றுகள் பிடித்தன. நீங்களும் கரையை இரண்டு இடத்தில் உடைத்து, கடற்கழி வரை வாய்க்கால் வெட்டுங்கள். எண்ணெய் அடிப்பதை இன்றே நிறுத்துங்கள்.

கொள்ளிடத்தான்: நண்டு கடித்திருக்கவும் வாய்ப்புண்டு. தண்டின் அடியைப் பாருங்கள்.

மாடித்தோட்டம்: மோர் அடித்தால் கெடுதல் இல்லையே?

*(5 வாரம் கழித்து)*

குட்டைக்கரை: கரையை வெட்டிவிட்டோம். மேலும் 6 போய்விட்டன. மீதியில் புதுத் துளிர். பொடி அப்படியே இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், உப்புத்தான்.