கிராம் பார்சன்ஸின் மேடைப் பதிவுகளும் வாழ்க்கை வரலாறுகளும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியையும் ராக்கையும் கலந்து பாடிய கிராம் பார்சன்ஸ் என்று பெயரைச் சொன்னாலே பேச்சு நேராக அந்தப் பாலைவனத்துக்குப் போய்விடுகிறது. 1973 செப்டம்பர் 19, ஜாஷுவா ட்ரீ விடுதியின் 8ஆம் எண் அறை, மதுவும் மார்ஃபீனும், 26 வயது, அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து உடலைக் கடத்திக்கொண்டு போய்ப் பாறையடியில் எரித்த கதை. இதைத் தெரிந்து வைத்திருக்கும் பலர் அவருடைய ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. எனக்கு இது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்: அவர் மேடையில் பாடிய பதிவுகள் உங்கள் கைக்கு எப்படி வந்தன, வாழ்க்கை வரலாறுகளில் எதைப் படித்தீர்கள், படித்த பிறகு அதே பாட்டு வேறு மாதிரி கேட்டதா?

நானே தொடங்குகிறேன். என்னை முழுதாக இழுத்துப் போட்டது அவலான் பால்ரூம் பதிவு. 1969 ஏப்ரல் 4, 6 தேதிகளில் சான் பிரான்சிஸ்கோவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு மேடையேறும் முன் பார்சன்ஸின் ஃப்ளையிங் புரீட்டோ பிரதர்ஸ் குழு வாசித்த கச்சேரிகள். அவர்களுடைய முதல் ஆல்பம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டெட் குழுவின் ஒலியைப் பார்த்துக்கொண்ட ஆவ்ஸ்லி ஸ்டான்லி (எல்.எஸ்.டி. தயாரித்துப் பெயர் வாங்கியவரும் இவரேதான்) தன் ஒலியமைப்பு சரியாக வந்ததா என்று பிறகு கேட்டுப் பார்ப்பதற்காகத் தான் வேலை பார்த்த கச்சேரிகளை டேப்பில் பிடித்து வைப்பார். ஆல்பம் போடும் எண்ணமெல்லாம் அப்போது கிடையாது. அப்படிப் பிடித்த டேப்புகள் 38 ஆண்டுகள் கிடந்து, கலிஃபோர்னியாவின் அமீபா இசைக்கடைக்காரர்கள் விடாமல் பின்தொடர்ந்து அனுமதி வாங்கி 2007இல் இரண்டு சிடியாக வெளியிட்டார்கள்.

ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். சுருதி அங்கங்கே விலகுகிறது, தாளம் சில இடங்களில் தள்ளாடுகிறது, மெருகு என்பதே இல்லை. ஆனால் எதிரே இருப்பது டெட் குழுவுக்காகக் காத்திருக்கும் நீளமுடிக் கூட்டம். 1969இல் அந்தக் கூட்டத்துக்கு கன்ட்ரி பாட்டு என்றால் தங்களுக்கு ஆகாதவர்களின் பாட்டு. அவர்கள் முன்னால் நின்று இந்த ஆள் கன்ட்ரிக்காரர் ஹாங்க் வில்லியம்ஸையும் பாடுகிறார், ராக் அண்ட் ரோல்காரர் லிட்டில் ரிச்சர்டையும் பாடுகிறார், ஒரு தெற்கத்தி சோல் பாட்டை ஹாங்கிடாங்க் (கன்ட்ரி மதுக்கடை) அழுகையோடு பாடுகிறார், எல்லாம் ஒரே குடும்பம் என்பதுபோல. அவர் 'காஸ்மிக் அமெரிக்கன் மியூசிக்' என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பேட்டிகளில் படித்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவலானில் அரை மணி நேரம் கேட்டதும் விளங்கிவிட்டது.

* * *

அண்ணா, நான் எதிர்த்திசையிலிருந்து வந்தவள். முதலில் புத்தகம், பிறகுதான் பாட்டு. 1991இல் வந்த பென் ஃபாங் டோரஸின் வாழ்க்கை வரலாறு ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது, ஆள் யாரென்றே தெரியாமல் வாங்கினேன். ஜார்ஜியாவின் வேக்ராஸ் ஊரில் வளர்ந்த பையன், தாய் வழியில் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களின் பணம், 1958 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா தற்கொலை, 1965இல் இவன் பள்ளிப் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கும் அதே நாளில் அம்மாவும் குடியால் இறந்து போகிறார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் 2007இல் வந்த டேவிட் மேயரின் பெரிய புத்தகம். மேயர் கறாரான ஆள், பார்சன்ஸ் தன் திறமையை எப்படி வீணடித்தார் என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறார், சில இடங்களில் எனக்குக் கோபமே வந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஆல்பத்தையும் உட்கார்ந்து கேட்டு வாதாடுகிற புத்தகம் அது. 2012இல் பாப் கீலிங் எழுதியது வேறு வகை. அவர் ஃப்ளோரிடாவையும் ஜார்ஜியாவையும் சுற்றி வருகிறார், விண்டர் ஹேவனில் மாற்றாந்தந்தை பாப் பார்சன்ஸ் இவருக்காகவே திறந்து கொடுத்த டெர்ரி டவுன் என்ற இளைஞர் கிளப் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டுகிறார். ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்றால் நான் கீலிங்கைச் சொல்வேன், ஏனென்றால் அவர் கையில் அது சாவுக் கதையாக முடிவதில்லை, ஊர்க்கதையாக இருக்கிறது.

பதிவுகளில் என்னுடையது 1973 வானொலிக் கச்சேரி. அவருடைய சுற்றுப்பயணக் குழுவான ஃபாலன் ஏஞ்சல்ஸோடும், கூடவே பாடிய எம்மிலூ ஹாரிஸோடும் லாங் ஐலண்டின் ஹெம்ஸ்டெட் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் வாசித்தது, டபிள்யூ.எல்.ஐ.ஆர். நிலையத்துக்காக, மார்ச் 13. 1982இல்தான் தட்டாக வந்தது. அந்தச் சுற்றுப்பயணம் எப்படித் தொடங்கியது என்று படித்துவிட்டுக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். கொலராடோவின் போல்டரில் முதல் நிகழ்ச்சி படுதோல்வி, ஒத்திகையே சரியாக இல்லை, கிளப்காரர்கள் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து ஆஸ்டின், ஹூஸ்டன் என்று ஊர் ஊராகப் போகப்போகக் குழு ஒட்டிக்கொள்கிறது. ஹூஸ்டனில் லிண்டா ரான்ஸ்டாட்டும் நீல் யங்கும் வந்து பார்க்கிற அளவுக்கு ஆகிவிடுகிறது. ஹெம்ஸ்டெட்டுக்கு வரும்போது இரண்டு குரலும் ஒரே மூச்சில் போகின்றன. இவர் ஒரு வரியை இழுத்தால் எம்மிலூ அங்கேயே காத்திருக்கிறார், இவர் அடுத்த சொல்லுக்குத் தாமதித்தால் அவரும் தாமதிக்கிறார். கன்ட்ரி பாடுவதை இவரிடம்தான் கற்றேன் என்று எம்மிலூ பிற்பாடு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், இந்தப் பதிவில் அந்தப் பாடம் நடந்துகொண்டிருப்பதே கேட்கிறது.

* * *

அக்கா சொன்ன ஆஸ்டின் நிகழ்ச்சி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சில வருடம் ஆஸ்டினில் வேலை பார்த்தேன். ஓய்வு பெறும் வயதில் ஒரு சக ஊழியர் இருந்தார், என் மேசையில் பார்சன்ஸ் தட்டைப் பார்த்துவிட்டு, அர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ் என்ற கச்சேரி அரங்கில் 1973இல் நான் இருந்தேன் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லி நச்சரித்தேன். அவருக்கு நினைவிருந்ததெல்லாம் கொஞ்சம்தான்: பக்கத்தில் நின்று பாடிய பெண் யாரென்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை, திரும்பிப் போகும்போது எல்லோரும் அவளைப் பற்றியே பேசினார்கள். அதற்குமேல் அவர் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை, அதனாலேயே நான் அதை நம்புகிறேன்.

இன்னொன்று, யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். அவர் இறந்த பிறகு 1974 ஜனவரியில் வந்த கடைசி ஆல்பத்தில் 'வடக்கு கியூபெக்கிலிருந்து நேரடியாக' என்று போட்டு ஒரு மெட்லி (தொடர்ந்து கோத்த பாட்டுகள்) இருக்கிறதே, அது மேடைப் பதிவே கிடையாது. ஸ்டுடியோவில் பாடிவிட்டுக் கூட்டத்தின் சத்தத்தையும் பாட்டில் உருளும் சத்தத்தையும் மேலே ஏற்றியிருக்கிறார்கள். வாசித்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, ஜேம்ஸ் பர்ட்டன், க்ளென் டி. ஹார்டின், ரானி டட் எல்லாம் எல்விஸின் மேடைக் குழு. அதைக் கேட்டுவிட்டு ஹெம்ஸ்டெட்டைப் போடுங்கள். ஃபாலன் ஏஞ்சல்ஸ் ஆட்கள் அந்த அளவுக்குக் கைதேர்ந்தவர்கள் இல்லைதான், ஆனால் நீல் ஃப்ளான்ஸின் பெடல் ஸ்டீல் (மிதியோடு படுக்க வைத்து வாசிக்கும் கிட்டார்) நுழையும் இடங்களில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எனக்கு எப்போதும் ஹெம்ஸ்டெட்தான்.

* * *

ஸ்டீல் என்றதும் வந்துவிட்டேன். அவலான் பதிவில் ஸ்னீக்கி பீட் க்ளைனோவைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை! குழந்தைகளுக்கான 'கம்பி' (Gumby) என்ற களிமண் பொம்மைப் படங்களில் அனிமேஷன் வேலை பார்த்தவர், அந்த வேலையோடு பெடல் ஸ்டீலும் வாசித்தவர். ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பாக்ஸ் வழியாக ஸ்டீலை விட்டு அதை மின்சார கிட்டார் மாதிரி உறும வைப்பார். ஸ்டுடியோ ஆல்பத்தில் இது அடுக்கடுக்காகப் பதிவானது, அதனால் தந்திரம் என்று நினைக்கத் தோன்றும். அவலானில் அடுக்கு கிடையாது, ஒரே ஆள், ஒரே கருவி, அப்படியும் மேடையின் பாதியை அவரே நிரப்புகிறார். நாஷ்வில் ஸ்டீல் வாசிப்பு பாடகருக்குப் பின்னால் அடக்கமாக நிற்கும். இவர் பாடகரோடு சண்டை போடுகிறார், பார்சன்ஸ் அதற்கு இடம் கொடுக்கிறார்.

அதே மாதிரிதான் புரீட்டோ குழுவின் இன்னொரு பாடகர் கிரிஸ் ஹில்மேன். வாழ்க்கை வரலாறுகளில் எனக்கு இருக்கும் பெரிய குறையே இதுதான். தலைப்பில் ஒரே ஒருவர் பெயர் இருப்பதால் எல்லாம் அந்த ஒருவர் தலையில் வந்து விழுகிறது. முதல் ஆல்பத்தின் முக்கியமான பாட்டுகள் பல, ஹில்மேனும் பார்சன்ஸும் ஒரே வீட்டில் தங்கி உட்கார்ந்து எழுதியவை. 1970இல் பார்சன்ஸ் ரோலிங் ஸ்டோன்ஸ் பின்னால் அலைந்துகொண்டு கச்சேரிகளுக்கு அரைகுறையாக வந்தபோது அவரைக் குழுவிலிருந்து நீக்கியதும் ஹில்மேன்தான். 2020இல் வந்த ஹில்மேனின் தன்வரலாற்றைக் கட்டாயம் படியுங்கள். பாசமும் ஆற்றாமையும் சேர்ந்தே இருக்கின்றன. படித்துவிட்டு அவலானைக் கேட்டால் அந்த இரண்டாவது குரல் எங்கெங்கே தாங்கிப் பிடிக்கிறது என்று தெரியும், இவர் தடுமாறும் வரிகளில் அவர் அழுத்திப் பாடுகிறார்.

* * *

அண்ணன் பாலைவனத்தை விட்டுவிடச் சொன்னார், மன்னிக்கவும், நான் தெற்குக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன், ஜாஷுவா ட்ரீக்குப் போனதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். விடுதி முற்றத்தில் 8ஆம் அறைக்கு முன்னால் கிட்டார் வடிவத்தில் ஒரு நினைவுக் கல், அதைச் சுற்றி வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போன மீட்டு வில்லைகள், மெழுகுவர்த்திகள், பாட்டில்கள். நான் போன அன்று முன்பின் தெரியாத இரண்டு பேர் கிட்டாரோடு உட்கார்ந்து அவர் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன், யாரும் சாவைப் பற்றிப் பேசவில்லை. எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதி, இரண்டாம் குரல் எங்கே தொடங்க வேண்டும், இதுதான் பேச்சு. அதனால் அண்ணா, அந்த ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கதைக்காக மட்டும் போவதில்லை.

உடலை எரித்த கேப் ராக் பக்கமும் போனேன். போகிறவர்கள் பாறையில் எழுதி வைக்கிறார்கள், தேசியப் பூங்காக்காரர்கள் அழிக்கிறார்கள், மறுபடி எழுதுகிறார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். அது பாறை, அது அவருக்கு முன்னாலும் அங்கே இருந்தது.

உடலைக் கடத்திய அவருடைய நண்பர் ஃபில் காஃப்மன் தன் புத்தகத்தில் சொல்வதையும் படித்திருக்கிறேன். 1973 ஜூலையில் கிட்டார் கலைஞர் க்ளாரன்ஸ் வைட் குடிபோதையில் ஒருவர் ஓட்டிய காரில் அடிபட்டு இறந்தபோது, அந்த அடக்கத்தில்தான் பார்சன்ஸ், நான் செத்தால் இப்படிச் சடங்கெல்லாம் வேண்டாம், ஜாஷுவா ட்ரீக்குக் கொண்டு போய்விடு என்று சொன்னாராம். அதே அடக்கத்தில் பார்சன்ஸும் புரீட்டோ குழுவில் இருந்த பெர்னி லெடனும் கல்லறையருகே ஒரு பழைய தேவப் பாடலைப் பாடியிருக்கிறார்கள். எல்லாப் புத்தகங்களும் அந்த ஒப்பந்தத்தைப் பெரிதாக எழுதுகின்றன. அந்தப் பாடலை யாராவது டேப்பில் பிடித்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

* * *

சின்னதாக ஒரு சேர்க்கை. மேடைக்கு முந்தைய பார்சன்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு, 1965, 66இல் விண்டர் ஹேவனில் நண்பர் ஒருவர் வீட்டு டேப் ரெக்கார்டரில் பாடி வைத்தவை 2000த்தில் வெளிவந்தன. கன்ட்ரி வாடையே கிடையாது, கிரீன்விச் வில்லேஜ் நாட்டுப்பாடகர்களைப் பின்பற்றும் பையன், வெறும் கிட்டாரும் குரலும். குரலில் இன்னும் அந்த விரிசல் வரவில்லை. இதையும் அவலானையும் அடுத்தடுத்துக் கேட்டால் நடுவில் இருக்கும் மூன்று, நான்கு வருடம் எவ்வளவு பெரியது என்று மலைப்பாக இருக்கும்.

* * *

எல்லோருக்கும் நன்றி. தங்கை சொன்ன கீலிங் புத்தகத்தை ஆர்டர் போட்டுவிட்டேன். ஜாஷுவா ட்ரீ போன தம்பி, நீங்கள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்த மாதிரிப் போவதானால் நானும் வருகிறேன்.

ஹில்மேன் பற்றிச் சொன்ன நண்பரே, முழுதாக ஒத்துக்கொள்கிறேன். அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இதே பிரச்சினை 1968லேயே மறுபக்கமாக நடந்தது. பேர்ட்ஸ் என்ற ராக் குழுவோடு பார்சன்ஸ் செய்த ஆல்பத்தில் பழைய ஒப்பந்தத் தகராறு காரணமாக அவர் பாடியதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மற்றவர்கள் குரலைப் போட்டார்கள். 1990இல் பேர்ட்ஸ் பெட்டித் தொகுப்பு வந்தபோதுதான் அவர் பாடிய வடிவங்கள் வெளியே வந்தன. 22 வருடம் அந்த ஆல்பத்தை அவர் குரல் குறைந்த நிலையில்தான் எல்லோரும் கேட்டார்கள். பெட்டகத்திலிருந்து வரும் டேப் ஒவ்வொன்றுக்கும் நான் இவ்வளவு அடித்துக்கொள்வது இதனால்தான். புத்தகம் எழுதுபவர் கையில் இருப்பதை வைத்துத்தான் எழுத முடியும், 1991இல் எழுதியவருக்கு வெளியிடப்பட்ட அவலான் பதிவு கிடையாது.

அப்புறம், ஹெம்ஸ்டெட் பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி. அதற்கு மூன்று நாள் கழித்து, 1973 மார்ச் 16 அன்று பிலடெல்ஃபியாவின் பிஜூ கஃபேயில் அதே குழு வாசித்த பதிவை 2023இல் அமீபாக்காரர்களே வெளியிட்டிருக்கிறார்கள். வானொலி ஸ்டுடியோவில் வாசித்ததையும் கிளப்பில் வாசித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். கிளப்பில் பார்சன்ஸ் இன்னும் தளர்வாகப் பாடுகிறார் என்பது என் எண்ணம். ஸ்டீல் தெரிந்த நண்பர் கேட்டுவிட்டு ஃப்ளான்ஸ் எந்த இரவில் நன்றாக வாசித்திருக்கிறார் என்று சொன்னால் நன்றாக இருக்கும், எனக்கு பிலடெல்ஃபியா என்று படுகிறது.