புதுப்பிப்பு: புல்தரையைத் துளையிட முள் கருவியா, குழாய்க் கருவியா?

காற்றும் தண்ணீரும் வேருக்கு இறங்கத்தான் புல்தரையில் துளையிடுகிறோம். சிறிய புல்தரைக்கு அதற்குத் தோட்ட முள்கரண்டியே போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: மணற்பாங்கான மண்ணுக்கு மட்டுமே அது சரி. களிமண்ணில் முள் மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் தள்ளி இறுக்கிவிடும். ஆணி வைத்த செருப்பும் அப்படித்தான், கூடவே உங்கள் எடையும் சேர்ந்து அழுத்தும். அதை வாங்கவே வேண்டாம்.

இறுகிய மண்ணுக்கு உள்ளீடற்ற குழாய் வைத்த கருவிதான் வேண்டும். 1 முதல் 2 செ.மீ. தடிமனில், 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கிப் போடும். துளைகளுக்கு இடையே 5 முதல் 10 செ.மீ. விடுங்கள். சின்ன இடத்துக்குக் காலால் மிதிக்கும் கருவி போதும். பெரிய இடமென்றால் மோட்டார் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே மேல்.

குழாய் அடைத்துக்கொள்கிறது என்பதுதான் பலரின் புகார். பெரும்பாலும் ஈரப்பதம்தான் காரணம். சேறாக இருந்தால் மண் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், துளையின் சுவரும் மெழுகியதுபோல் மூடிக்கொள்ளும். காய்ந்திருந்தால் குழாய் இறங்கவே இறங்காது. முந்தைய நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். கையழுத்தத்திலேயே இறங்கி, சேறு ஒட்டாமல் வெளியே வந்தால் அதுதான் பதம். அடைத்தால் கம்பியால் குத்தித் தள்ளுங்கள்.

தரையில் பதித்த தண்ணீர்த் தெளிப்பான் தலைகள் இருந்தால், கருவி படாமல் இருக்க முன்கூட்டியே அடையாளம் வையுங்கள். விழுந்த மண் உருளைகளை அள்ள வேண்டாம். காய்ந்ததும் வாரியால் உதிர்த்துவிடலாம்.