சிறுகோள்ல தண்ணி கனிமம் இருக்குன்னு இங்க இருந்தே எப்படி கண்டுபிடிக்காங்க?

தக்கலைக்காரன்
நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரையில மண்ணு கறுப்பா கெடந்தா இல்மனைட்டுன்னு பாத்ததுமே சொல்லிரலாம், ஆனா கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வெறும் புள்ளியா தெரியுற சிறுகோள்ல எப்படி சொல்லுதாங்க? எங்கிட்ட 8 இஞ்ச் டெலஸ்கோப்பு, ஒரு மோனோ கேமரா இருக்கு. மொட்டைமாடியில வச்சு ஏதாவது ட்ரை பண்ண முடியுமா?

முட்டம்_லைட்ஹவுஸ்
தண்ணின்னதும் ஈரம்னு நெனச்சிராதீங்க அண்ணாச்சி, களிமண் கனிமத்துக்குள்ள ஹைட்ராக்சிலா (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேந்த OH) பிடிச்சு கெடக்கும், அவ்வளவுதான். சூரிய வெளிச்சம் பட்டு திரும்பும்போது 2.7 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்) அலைநீளம் பக்கத்துல அது ஒளிய முழுங்கிரும், ஸ்பெக்ட்ரத்துல, அதாவது ஒளிய அலைநீளம் வாரியா பிரிச்சு வரைஞ்ச கோட்டுல, அந்த எடத்துல பள்ளம் விழும். ஐஸ்னா பள்ளம் 3.1 பக்கம் இருக்கும், 2010ல தெமிஸ்ங்கிற சிறுகோள்ல அப்படித்தான் சொன்னாங்க. கொடுமை என்னன்னா நம்ம காத்துல உள்ள நீராவியும் அதே 2.7 பக்கத்த முழுங்குது, ஹவாய்ல 4200 மீட்டர் ஒசரத்துல இருந்து பாத்தாலும் அந்த துண்டு கிடைக்காது. அதனாலதான் ஜப்பான்காரங்க அகாரி சாட்டிலைட்ட வச்சு 66 சிறுகோள பாத்தாங்க. பென்னுங்கிற சிறுகோளுக்கு நாசாவோட ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் கிட்டயே போயி 2.74ல பள்ளத்த பாத்துது, 2023ல கொண்டு வந்த 121.6 கிராம்லயும் களிமண் கனிமம் இருந்துச்சு.

வள்ளியாறு
மேல சொன்னதெல்லாம் சரிதான், ஆனா அவரு கேட்டது மொட்டைமாடி. கேமரா சென்சார் சிலிக்கான், 1 மைக்ரான தாண்டாது, 2.7 ஆசைய விட்டுருங்க. 0.7ல ஒரு சின்ன பள்ளம் உண்டு, களிமண் கனிமத்துல உள்ள இரும்பால வாறது, ஆழம் சில சதவீதம்தான். ஸ்பெக்ட்ரம் எடுக்க 8 இஞ்ச் திணறும், அதுக்கு பதிலா 0.55, 0.70, 0.85ன்னு மூணு ஃபில்டர் போட்டு எடுங்க, நடுவுல உள்ளது மத்த ரெண்டையும் சேக்குற கோட்டுக்கு கீழ வந்தா பள்ளம். சிறுகோள் சுத்தும்போது வெளிச்சம் மாறும், அதனால ஃபில்டர மாத்தி மாத்தி எடுக்கணும், கூடவே சூரியன் மாதிரி நிறமுள்ள நட்சத்திரத்த வானத்துல அதே ஒசரத்துல இருக்கும்போது எடுத்து, சிறுகோளோட அளவ அதால வகுக்கணும், இல்லன்னா எல்லாம் வேஸ்ட். 0.72 பக்கம் நீராவி வேற கெடக்கு, நம்மூரு மழைக்காலத்துல தொடவே தொடாதீங்க, ஜனவரிக்கு அப்புறம் பாருங்க.

தக்கலைக்காரன்
செம! அப்போ நல்லா வெளிச்சமா தெரியுற செரேஸ்ல தொடங்கட்டா?

வள்ளியாறு
வேண்டாம், செரேஸ்ல அந்த 0.7 பள்ளம் பொதுவா தெரியாது, ஆனா டான் விண்கலம் 2.7ல நல்லாவே பாத்துது. பள்ளம் இல்லன்னா வறண்டதுன்னு எழுதிராதீங்க. ஃபார்ச்சூனா இல்லன்னா எகேரியா எடுங்க, ரெண்டுலயும் 0.7 ஏற்கெனவே தெரிஞ்சது. ரா ஃபைல இங்கேயே போடுங்க, நானும் பாக்கேன்.