எலிக்சிரில் லூப்புக்குள் கூட்டிய மொத்தம் வெளியே 0-ஆகவே இருக்கிறது, ஏன்?

கேள்வி:
பைத்தான் மொழியிலிருந்து எலிக்சிர் என்ற ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழிக்கு வந்திருக்கிறேன். 10, 20, 30 என்று ஒரு லிஸ்ட், அதன் கூட்டுத்தொகை வேண்டும். மொத்தம் = 0 என்று வைத்துவிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருமுறை ஓடும் ஈச் (Enum.each) ஃபங்ஷனுக்குள் மொத்தம் = மொத்தம் + எண் என்று எழுதினேன். எர்ரர் இல்லை, ஆனால் பிரிண்ட் செய்தால் 0. உள்ளே இருக்கும் மொத்தம் பயன்படவில்லை என்று ஒரு வார்னிங் மட்டும் வருகிறது. ஃபங்ஷனல் மொழியில் மதிப்பை மாற்றவே முடியாது என்கிறார்கள், ஆனால் விலை = 5, அடுத்த வரியில் விலை = 6 என்று போட்டால் ஒழுங்காக 6 வருகிறதே. மாறுகிறதா, இல்லையா?

பதில் 1:
அந்த வார்னிங்கிலேயே விடை இருக்கிறது. உள்ளே நீங்கள் எழுதிய வரி வெளியே உள்ள மொத்தத்தைத் தொடவே இல்லை. அதன் 0-ஐப் படித்து, 10 கூட்டி, அதே பெயரில் இன்னொரு வேரியபிளை உருவாக்குகிறது, ஃபங்ஷன் முடிந்ததும் அது போய்விடுகிறது. அடுத்த சுற்றும் 0-இலிருந்துதான்: 0 + 20, அப்புறம் 0 + 30.

ஈச்சுக்குப் பதில், லிஸ்ட்டை ஒரே மதிப்பாகச் சுருக்கும் ரெட்யூஸ் (Enum.reduce) எழுதுங்கள். அதற்குக் கொடுக்க வேண்டியவை: லிஸ்ட், தொடக்க மதிப்பு 0, பிறகு எண், இதுவரை என்ற இரண்டையும் வாங்கி எண் + இதுவரை தரும் ஃபங்ஷன். அது திருப்பித் தருவதே அடுத்த சுற்றின் 'இதுவரை': 10, 30, 60. இஃப்-க்குள் ஒரு வேரியபிளை மாற்றினாலும் வெளியே வராது, அங்கேயும் விலை = இஃப்... என்று விடையை வெளியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதில் 2:
5, 6 விஷயத்துக்கு வருகிறேன். விலை = 5 போடுங்கள், விலையைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள், அப்புறம் விலை = 6 போட்டுவிட்டு அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். எலிக்சிரில் 5 வரும், பைத்தானில் 6. எலிக்சிரில் பெயர்தான் புது மதிப்புக்குப் போனது, பழைய 5 இருந்த இடத்திலேயே இருக்கிறது. கம்பைலர் இரண்டையும் தனித்தனி வேரியபிளாகத்தான் பார்க்கிறது. எலிக்சிர் ஓடும் அதே பீம் (BEAM) விர்ச்சுவல் மெஷினில் ஓடும் எர்லாங் மொழியில் இரண்டாவது வரியே பேட்மேட்ச் (பொருந்தவில்லை) எர்ரர் கொடுக்கும், ஏனென்றால் அங்கே சமக்குறி என்றால் பொருந்துகிறதா என்ற சோதனை. எலிக்சிரிலும், பெயரைப் புது மதிப்புக்கு மாற்றாதே என்று சொல்லும் ^ குறியைப் போட்டு ^விலை = 6 என்று எழுதினால் அதே கண்டிப்பு வரும். புதிதாகக் கற்பவருக்கு எர்லாங் வழிதான் நல்லது என்பேன், எலிக்சிரின் வசதி இந்தக் குழப்பத்தை ரொம்ப நாள் மறைத்து வைக்கிறது.

கேட்டவர்:
ஓட்டிப் பார்த்தேன், 5 தான் வந்தது! ரெட்யூஸும் 60 கொடுத்தது, நன்றி. ஒன்று மட்டும்: ஒவ்வொரு முறையும் புது மதிப்பு என்றால் பெரிய லிஸ்ட் முழுதாகக் காப்பி ஆகுமா?

பதில் 1:
முன்னால் சேர்த்தால் ஆகாது, புது லிஸ்ட் பழையதையே வாலாக வைத்துக்கொள்ளும், பழையது மாறாது என்பதால் பகிர்வதில் ஆபத்தில்லை. கடைசியில், லிஸ்ட்களை இணைக்கும் ++ குறியைப் போட்டுச் சேர்த்தால் இடப்பக்க லிஸ்ட் முழுவதும் காப்பி ஆகும். அதனால் ரெட்யூஸுக்குள் முன்னால் சேர்த்துக்கொண்டே போய், வரிசை தலைகீழாக இருக்கும் என்பதால் முடிவில் ஒருமுறை ரிவர்ஸ் செய்யுங்கள்.